தவிட்டுச் சத்து காக்கும் கடிதங்கள்

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங். 1824-ல் டிராய் நகரில் தொடங்கிய ரென்சிலர் தொழில்நுட்பக் கல்லூரியில் 1857-ல் பட்டம் பெற்றவர். அவருடைய கடிதங்களையும் குறிப்பேடுகளையும் அந்தக் கல்லூரியும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் பாதுகாக்கின்றன. இரும்புப் பாலத்துக்குப் பகை வெளியே இருக்கும் ஈரக்காற்று. காகிதத்துக்கோ பகை உள்ளேயே இருக்கிறது.

ரோப்ளிங் 1837-ல் பிறந்து 1926-ல் மறைந்தார். அந்த 89 ஆண்டுகளில் காகிதமே வேறு பொருளாகிவிட்டது. முதலில் கந்தல் துணியில் செய்தார்கள். பிறகு மரக்கூழுக்கு மாறினார்கள். அதனால் அக்காலக் காகிதத்தில் மூத்தது வளைந்துகொடுக்கும், இளையது தொட்டால் நொறுங்கும்!

காரணம், அமிலம். மை ஊறிப் பரவாமலிருக்கத் தாளில் பிசினும் படிகார உப்பும் சேர்த்தார்கள். அந்த உப்பு காலப்போக்கில் அமிலத்தைத் தருகிறது. தாளின் அடிப்படை இழையான செல்லுலோஸ், பூச்சரம்போல ஆயிரக்கணக்கான சர்க்கரை அலகுகள் கோத்த சங்கிலி. அமிலம் அதன் நாரை அங்கங்கே அறுக்கிறது. மாற்று மருந்து, சுண்ணாம்பு: கால்சியம் கார்பனேட் கலந்த உறைகளில் தாள்களை வைக்கிறார்கள்.

ஆனால் பொறியாளர்களின் புளூபிரிண்டுக்கு அதே சுண்ணாம்பு ஆகாது. அதன் நீலம் ஓர் இரும்புச் சேர்மம். சுண்ணாம்பின் காரம் பட்டால் சிதைந்துவிடும். அதற்குக் காரமற்ற தனி உறை வேண்டும். வெளிச்சத்தில் வெளிறிய புளூபிரிண்டை இருட்டில் வைத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனால் நீலம் ஓரளவு திரும்பி வருவதும் உண்டு.

அக்கால மையும் லேசுப்பட்டதல்ல. மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்ந்தது அது. மிஞ்சிய இரும்பு தாளை அரித்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை போட்டுவிடும். அந்த இரும்பைக் கட்டிப்போடுவது ஃபைட்டிக் அமிலத்தின் கால்சியம் உப்பு. அந்த அமிலம் நம் அரிசித் தவிட்டில் ஏராளம்!

வேதியியலுக்கு அப்பாலும் ஒரு நுட்பம் உண்டு. உரியவர் அடுக்கிவைத்த வரிசையை ஆவணக் காப்பாளர்கள் கலைப்பதில்லை. தேதியில்லாத கடிதத்தின் காலத்தை, அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் தாள்கள் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் வீட்டிலும் தாத்தாவின் சான்றிதழோ நாட்குறிப்போ இருக்கலாம். துருப்பிடித்த குண்டூசியைப் பதமாக எடுங்கள். வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கெடாமல் பிரிப்பது மிகக் கடினம்.