வேர்முடிச்சுக் கிருமிகள் தனித்தனி இனங்களாகப் பிரியும் விதம்

தட்டைப்பயறு, நிலக்கடலை முதலிய செடிகளை மண் உதிராமல் தோண்டியெடுத்துப் பார்த்தால் வேர்களில் சிறு முடிச்சுகள் காணப்படும். அவற்றினுள் வசிக்கும் பாக்டீரியா என்னும் நுண்கிருமிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கவர்ந்து பயிருக்குத் தழைச்சத்தாக்கிக் கொடுக்கின்றன. 1888-ம் வருஷத்தில் ஹாலந்து தேசத்துப் பையெரிங்க் என்பவர் இவற்றைத் தனியே பிரித்து வளர்த்தார். பிற்காலத்துச் சாஸ்திரிகள், பட்டாணியில் முடிச்சு உண்டாக்குவது ஓர் இனம், கிளோவர் என்னும் தீவனச்செடிக்குரியது வேறோர் இனம், பீன்ஸுக்குரியது மற்றோர் இனம் என்று செடியைக் கொண்டே கிருமியை வகுத்தார்கள். பார்வைக்குச் சுலபமான முறைதான், ஆயினும் நிலைக்கவில்லை. 1984-ல் இம்மூன்றும் ஒரே இனத்தின் உட்பிரிவுகள் என்று சேர்க்கப்பட்டன.

குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்குச் சாதாரணமாகச் சந்ததி இல்லை. ஆகவே அவ்விரண்டும் வெவ்வேறு இனம் என்று துணியலாம். கிருமிகளிடம் இந்தப் பரீட்சை செல்லாது. அவை இரண்டாகப் பிளந்தே பெருகுகின்றன. எனினும் ஒரு கிருமியின் மரபுப்பொருளில் ஒரு துண்டு மற்றொன்றினுட் சென்று, அங்கே தன்னை ஒத்த பகுதியின் ஸ்தானத்தில் பொருந்திவிடுவதுண்டு. பொருந்துவதற்கு ஒற்றுமை வேண்டும். வெவ்வேறு மண்ணிலோ வெவ்வேறு செடியிலோ நெடுங்காலம் வாழும் இரு கூட்டங்களில் சிறு சிறு மாறுதல்கள் சேர்கின்றன. மாறுதல் மிகுந்தால், எழுத்துப்பிழை திருத்துவது போன்று கிருமியினுள் நடைபெறும் ஓர் ஏற்பாடே அந்நியத் துண்டைத் தள்ளிவிடுகிறது. கொடுக்கல் வாங்கல் குறையக் குறைய வேற்றுமை பின்னும் வளர்கிறது. உடன்பிறந்தார் பாகம் பிரிந்தபின் போக்குவரத்தும் நின்று, பேரர் காலத்தில் அயலாராவது போன்றதே இது. தற்காலத்தில் மரபுப்பொருள் ஏறக்குறைய 100-க்கு 95 பங்கு ஒத்திருந்தால் ஒரே இனமாகக் கொள்வது வழக்கம்.

ஆனால், முடிச்சு உண்டாக்கும் திறமை இந்த எல்லைக்கு அடங்குவதில்லை. நியூஜீலந்து தேசத்தில் லோட்டஸ் என்னும் தீவனச்செடியை அதற்குரிய ஒரே வகைக் கிருமியுடன் புதிதாக ஒரு நிலத்தில் விதைத்தார்கள். சில வருஷங்களுக்குப்பின் முடிச்சுகளைச் சோதித்தபோது பலவகைக் கிருமிகள் இருந்தன. இட்ட கிருமியிலிருந்து சுமார் 5 லக்ஷம் எழுத்துக்கள் கொண்ட ஒரு பெருந்துண்டு, மண்ணில் முன்பே இருந்த வேறு கிருமிகளுக்குச் சென்றிருந்தது. 1995-ல் வெளியான இச்செய்தி, செடியைக் கொண்டு இனம் வகுத்த பழைய முறை ஏன் தவறியது என்பதை விளக்குகிறது. தொழில் கைமாறலாம்; குலம் மாறுவதில்லை.

இதனால் குடியானவருக்கு என்ன? மேற்கு ஆஸ்திரேலியாவில் பிஸெருலா என்னும் தீவனச்செடி விஷயத்திலும் இவ்வாறே நடந்தது. அங்கே இத்துண்டைப் பெற்ற மண் கிருமிகளிற் பல, முடிச்சை உண்டாக்கியும் தழைச்சத்தைக் கொடுக்கவில்லை. அதாவது, முடிச்சு இருப்பதைக் கண்டு மட்டும் திருப்தியடைவதற்கில்லை.

பூக்கும் பருவத்தில், வயலில் நாலைந்து இடங்களில் செடியைத் தோண்டி, வேரை மெதுவாக அலசி, முடிச்சுகளை நகத்தாற் கிள்ளிப் பார்க்கவேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால் கிருமி வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், அடுத்த பட்டத்தில் அந்தப் பயிருக்கென்றே தயாரித்த நுண்ணுயிர் உரத்தை ஆறின கஞ்சியிற் கலந்து விதையிற் பூசி, வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, தாமதமின்றி விதைத்தல் வேண்டும்.