பத்து சதவீதத்தில் நிற்கும் ஆர்பாட்

பிராக்சி செயலி கனெக்ட் ஆகவில்லையென்றால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது. ஆர்பாட் செயலியில் இது பெரும்பாலும் வீண் வேலை. எந்த இடத்தில் தடைபட்டது என்பதை அது தன் லாக் பக்கத்தில் வரிவரியாக எழுதி வைத்திருக்கும். அந்தப் பக்கத்தைத் திறப்பவர்கள்தான் குறைவு.

ஆர்பாட், கார்டியன் புராஜெக்ட் குழு முதலில் ஆண்ட்ராய்டுக்காக உருவாக்கியது. போனிலிருந்து கிளம்பும் தரவை டோர் வலையமைப்புக்குள் செலுத்துவதுதான் அதன் வேலை. டோரின் அடிப்படை யோசனை 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்தது. இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான ரிலே கணினிகளில் அது ஓடுகிறது. நம் தரவு மூன்று ரிலேக்களைக் கடந்து போகும். முதல் ரிலேக்கு நம்மைத் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசி ரிலேக்குப் போகுமிடம் தெரியும், ஆளைத் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. இப்படித் தடை தாண்டும் கருவிகள் நமக்கும் அந்நியமல்ல: 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும் 2022 ஏப்ரல் தொடக்கத்திலும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது விபிஎன், பிராக்சி என்ற சொற்கள் வீட்டுப் பேச்சுக்குள்ளேயே வந்துவிட்டன.

இணைப்பு உருவாகும்போது திரையில் ஒரு சதவீத எண் ஏறும். அது வெறும் அலங்காரமல்ல. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. 5 என்றால் முதல் ரிலேயைத் தேடிக்கொண்டிருக்கிறது. அங்கேயே நின்றால் போனில் இணையமே இல்லையா என்று முதலில் பாருங்கள். ஓட்டல், விமான நிலைய வைஃபைகளில் போன் எண்ணைப் பதிந்து ஓடிபி கொடுக்கும் பக்கத்தை முடிக்கும்வரை எதுவும் நகராது. ஆர்பாட்டை அணைத்துவிட்டு அந்தப் பக்கத்தை முடித்த பிறகே மறுபடி போட வேண்டும்.

10 என்றால் ரிலேயின் கதவைத் தட்டியாகிவிட்டது, ஆனால் உள்ளே பேச்சு தொடங்கவில்லை. இதுதான் சுவாரஸ்யமான எண். தணிக்கை இருக்கும் நாடுகளில் இணைப்பு பெரும்பாலும் இங்கேதான் அறுபடுகிறது. டோர் ரிலேக்களின் முகவரிப் பட்டியல் பகிரங்கமானது. எந்த அரசும் அதை எடுத்து மொத்தமாகத் தடுத்துவிடலாம். ரஷ்யா 2021 டிசம்பரில் டோரைத் தடுக்கத் தொடங்கியது.

அதற்கு மாற்றுதான் பிரிட்ஜ். பட்டியலில் இடம்பெறாத ரிலே அது. அவற்றில் ஓபிஎஃப்எஸ்4 வகை, தரவை எந்த அடையாளமும் இல்லாத குப்பை எழுத்துகளாகத் தோன்றச் செய்கிறது. மின்னஞ்சலிலோ டெலிகிராமிலோ கேட்டு வாங்கலாம். நீளமான ஒரே வரியாக வரும். அதைப் படியெடுத்து ஒட்டும்போது ஓர் எழுத்து விட்டுப்போனாலும் வேலை செய்யாது. "பிரிட்ஜும் ஓடவில்லை" என்பவர்கள் முதலில் அந்த வரியைச் சரிபார்க்க வேண்டும். இன்னொரு வகை ஸ்னோஃப்ளேக். யாரோ ஒருவர் தன் பிரவுசரில் ஒரு நீட்சியைப் போட்டுத் திறந்து வைத்திருப்பார். நம் தரவு அந்த வழியே டோருக்குள் நுழையும். வெளியிலிருந்து பார்த்தால் வீடியோ அழைப்பு மாதிரி தெரியும். 2022 செப்டம்பரில் மாசா அமினி என்ற இளம்பெண்ணின் மரணத்தைத் தொடர்ந்து ஈரானில் போராட்டங்கள் வெடித்தபோது ஸ்னோஃப்ளேக் பயன்பாடு அங்கே மளமளவென உயர்ந்தது. அந்த யாரோ ஒருவர் மடிக்கணினியை மூடிவிட்டால் நம் இணைப்பு தடுமாறும். வேறொருவர் கிடைத்ததும் தொடரும். ஆகவே ஸ்னோஃப்ளேக்கில் நடுநடுவே வரும் தொய்வைப் பழுதென்று எண்ணிச் செயலியை நிறுத்தி நிறுத்திப் போடுவது நமக்குத்தான் நஷ்டம்.

25, 30 பக்கம் நின்றால் போனின் கடிகாரத்தைச் சந்தேகிக்கலாம். டோரில் எந்தெந்த ரிலேக்கள் உயிரோடிருக்கின்றன என்ற பட்டியல் மணிக்கொரு முறை புதிதாகத் தயாராகிறது. எப்போதிலிருந்து எப்போதுவரை செல்லும் என்று அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் மூன்று மணி நேரம். போனின் நேரம் பெரிதாகப் பிசகியிருந்தால், வந்த பட்டியல் எதிர்காலத்தில் எழுதப்பட்டது போலவோ என்றைக்கோ காலாவதியானது போலவோ தோன்றும். இதில் ஒரு வேடிக்கை: திரையில் சரியான மணி தெரிந்தும் கடிகாரம் தவறாக இருக்கலாம். சென்னையிலிருந்து குளிர்காலத்தில் லண்டன் போனவர் நேர மண்டலத்தைத் தொடாமல் மணியை மட்டும் கையால் திருத்தினால், பார்வைக்கு எல்லாம் சரி. உள்ளுக்குள் போன் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் கிடக்கும். நேரம், நேர மண்டலம் இரண்டையும் தானியங்கியில் விட்டால் தீர்ந்தது.

50ஐத் தாண்டி மெதுவாக ஏறினால் கவலைப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் சிக்னல் பலவீனம்தான். காத்திருங்கள்.

அழித்து நிறுவுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. டோர் தன் முதல் ரிலேயை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் மாதக்கணக்கில் அதையே வைத்துக்கொள்ளும். அடிக்கடி மாற்றினால் என்றாவது ஒருநாள் வேவு பார்க்கிறவர் நடத்தும் ரிலேயில் சிக்கும் வாய்ப்பு கூடும் என்பதே காரணம். ஒவ்வொரு புது நிறுவலும் அந்தத் தேர்வை அழித்துப் புதிதாகச் சீட்டுக் குலுக்குகிறது.

100 வந்த பிறகும் எதுவும் திறக்காமல் போனால் பார்வையை டோரிலிருந்து ஆண்ட்ராய்டுக்குத் திருப்ப வேண்டும். ஆர்பாட் மற்ற செயலிகளின் தரவைத் தன் பக்கம் இழுக்க விபிஎன் அனுமதியைப் பயன்படுத்துகிறது. ஆண்ட்ராய்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு விபிஎன்னைத்தான் விடும். விளம்பரத் தடுப்பான், ஃபயர்வால் என்ற பெயரில் இருக்கும் பல செயலிகளும் இதே இடத்துக்குப் போட்டியிடுபவை. கடைசியாக வந்தவர் முந்தியவரை வெளியே தள்ளுவார். அடுத்தது பேட்டரி. 2015இல் ஆண்ட்ராய்டு 6 வந்ததிலிருந்து, சும்மா கிடக்கும் போன் பின்னணிச் செயலிகளை உறங்க வைக்கிறது; சில தயாரிப்பாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் அவற்றைக் கொன்றே விடுகிறார்கள். திரை அணைந்த சிறிது நேரத்தில் இணைப்பு போகிறதென்றால் பேட்டரி அமைப்பில் ஆர்பாட்டுக்கு விலக்குக் கொடுங்கள். "விபிஎன் இல்லாத இணைப்பைத் தடு" என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால், செயலி செத்ததும் போனில் இணையமே நின்றுவிடும். பழி டேட்டா நிறுவனத்தின் மேல் விழும்.

எல்லாம் சரியாக இருந்தும் சில தளங்கள் கதவைச் சாத்தும், படப் புதிர்களை நீட்டும். கடைசி ரிலேயின் முகவரி அவற்றுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவே. புதிய வழித்தடம் கேட்டால் சில சமயம் சரியாகும். வங்கிச் செயலிகளை மட்டும் ஆர்பாட்டுக்கு வெளியே விட்டுவிடுவது நல்லது. வாட்ஸாப்பில் செய்தி போகிறது, குரல் அழைப்பு மட்டும் போகவில்லை என்ற புகாருக்கு ஆர்பாட்டுக்குள் மருந்து கிடையாது. அழைப்புகள் பொதுவாக யுடிபி முறையில் போகின்றன. டோர் சுமப்பது டிசிபி என்ற வேறொரு முறையில் போகும் தரவை மட்டும்.