தட்டிப் பாருங்கள்... படகு பதில் சொல்லும்!

மண்பானையைச் சுண்டிப் பார்த்துத்தானே வாங்குவோம்? பழைய ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகுக்கும் அதே கதைதான். மேல்தளத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். ‘டக்’கென்று கேட்டால் நல்லது; ‘தொப்’பென்று கேட்டால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கலாம்.

1960, 70-களில் அமெரிக்காவில் தயாரான பல படகுகளின் தளம் சாண்ட்விச் மாதிரி. மேலும் கீழும் ஃபைபர் கிளாஸ். நடுவே லேசான பால்சா மரம். கைப்பிடிக் கம்பிகளைப் பொருத்திய போல்ட் ஓட்டை வழியே தண்ணீர் கசிந்தால், மரம் நாளடைவில் அழுகிவிடும். தளம் காலடியில் அமுங்கும். காற்றில் படகு சாயும்போது, உயிருக்குப் பிடித்த கம்பியே கையோடு பெயர்ந்து வரலாம்!

வெடிப்பின் மேல் பெயின்ட் அடித்தால் தீராது. மேல் தகட்டை வெட்டியெடுத்து, அழுகிய மரத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு புது பால்சாவையோ ஃபோமையோ எபாக்ஸியில் பதித்து, மேலே ஃபைபர் துணி ஒட்ட வேண்டும்.

கடைசி வேலைதான் முக்கியம். போல்ட் ஓட்டைகளைப் பெரிதாக்கி, கெட்டியான எபாக்ஸியால் அடைத்து, இறுகியதும் நடுவில் மறுபடி துளையிட வேண்டும். அப்புறம் போல்ட் ஓரம் கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. இதைச் செய்யாவிட்டால், புது மரமும் பழைய வழியிலேயே நனையும்.