சாணிப்பவுடர்: வாசலுக்கு வந்த சாயமும் நச்சியலும்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழக்கமில்லாத நண்பர்களிடம் 'சாணிப்பவுடர்' என்று சொன்னால், காய்ந்த சாணியை இடித்து விற்கிறார்கள் போல என்றுதான் நினைக்கிறார்கள். அதில் சாணி துளிகூடக் கிடையாது. மஞ்சள் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் ஆரமின் ஓ, பச்சை பாக்கெட்டில் இருப்பது மாலகைட் கிரீன். இரண்டுமே தொழிற்சாலைச் சாயங்கள். நச்சியல் பற்றிக் குறிப்பெடுக்க ஆரம்பித்தபோது ஆர்செனிக், சயனைடு என்றுதான் புத்தகங்கள் போயின. ஆனால் நம்ம சோமனூர் வட்டாரத்துக்கு நச்சியல் என்றால் முதலில் எழுத வேண்டியது இந்தப் பொடியைப் பற்றித்தான்.

வாசலுக்கு எப்படி வந்தது?

விடிகாலையில் சாணி கரைத்து வாசல் தெளிப்பது நம்ம வீடுகளில் பழைய வழக்கம். தோட்டமும் மாடும் குறைந்து, தறிக்குடோனும் லைன் வீடும் பெருகிய ஊரில் சாணிக்கு எங்கே போவது? வாசலும் மண் வாசல் போய் சிமெண்ட் வாசலாகிவிட்டது. நிறம் மட்டும் வேண்டும் என்று ஆனபோது, ஒரு சிட்டிகையில் ஒரு பக்கெட் தண்ணீரையே நிறம் மாற்றும் சாயம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மளிகைக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைத்தது.

இது பனியன் கம்பெனி சாயக்கழிவில் இருந்து வருகிறது என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி இல்லைங்க. பருத்தித் துணிக்குத் திருப்பூரில் முக்கியமாகப் போடுவது ரியாக்டிவ் சாயம். ஆரமினும் மாலகைட் கிரீனும் காரச்சாய வகை. காகிதம், சணல், அக்ரிலிக் போன்றவற்றில் நன்றாக ஒட்டும், பருத்தியில் அப்படியே ஒட்டாது.

ஒரே பொருள், பல வேலை

காசநோய்க் கிருமியைச் சளியில் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் பயன்படும் ஒளிரும் சாயங்களில் ஒன்று இதே ஆரமின் ஓ. மாலகைட் கிரீனும் நுண்ணுயிரியல் ஆய்வகத்துச் சாயம்தான். மீன் வளர்ப்பில் பூஞ்சைக்கு மருந்தாகவும் பயன்பட்டது. பிறகு உண்ணும் மீனில் கூடாது என்று பல நாடுகள் தடை செய்தன.

ஆரமின் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதிகம் வந்ததை 1954-ல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆரமின் தயாரிப்பை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தொழிலாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஆய்வகத்தில் கையுறை போட்டுத் தொடும் பொருளை நாம் வெறுங்கையால் கரைத்து, குழந்தை தவழும் வாசலில் தெளித்துக்கொண்டிருந்தோம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இந்தப் பகுதியில் தற்கொலை முயற்சிகளில் இந்தப் பொடி அடிக்கடி வருவதால்தான், கோவை வட்டார மருத்துவர்கள் இதைப் பற்றி எழுத வேண்டி வந்தது. ஆரமின் வயிற்றைப் புண்ணாக்கும், நரம்பு மண்டலத்தைத் தாக்கும், வலிப்பு வரலாம், கல்லீரலும் கெடலாம். மாலகைட் கிரீன் ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடலாம். அதற்கு மாற்றுமருந்து மெத்திலீன் புளூ. அதுவும் ஒரு சாயம்தான்! ஆரமினுக்கு அப்படித் தனி மாற்றுமருந்து கிடையாது. மூச்சு, ரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவற்றைக் கவனித்து உடம்பைத் தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை. சீக்கிரம் கொண்டுபோனால் பிழைப்பவர்கள் நிறையப் பேர்.

தடய அறிவியல் என்ன சொல்லும், என்ன சொல்லாது?

சந்தேக மரணம் என்றால் போலீஸ் விசாரணை நடக்கும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவு. பிரேதப் பரிசோதனையில் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் ஆகியவற்றின் மாதிரிகளை எடுத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இந்த வேலைக்கு நம்ம மாநிலத்தில் வயசு அதிகம்: 1849-லேயே சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கிவிட்டது. இன்று தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்குக் கோவையிலும் வட்டார ஆய்வகம் உண்டு.

உறுப்புகளைப் பெரும்பாலும் செறிந்த உப்புக்கரைசலில்தான் போட்டு அனுப்புவார்கள். ஃபார்மலினில் போட்டால் திசு இறுகி, விஷத்தைப் பிரித்தெடுப்பது கஷ்டமாகிவிடும். ஆய்வகத்தில் சாயத்தைப் பிரித்தெடுத்து, மெல்லிய பூச்சுத் தகட்டில் ஓடவிடுவார்கள். மை உறிஞ்சும் தாளில் ஒரு துளி மை வேறுவேறு நிறமாகப் பிரியுமே, அதே தத்துவம்தான். அது எந்த ஒளியை விழுங்குகிறது என்று பார்த்து உறுதி செய்வார்கள்.

ஆனால் 'ஆரமின் இருக்கிறது' என்ற அறிக்கை, அது உடம்புக்குள் போனது என்று மட்டுமே சொல்லும். தானே எடுத்ததா, தவறிப்போய்க் குடித்ததா, யாராவது கொடுத்ததா என்று சொல்லாது. நான்கைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்தவரிடம் விஷம் கிடைக்காமலும் போகலாம். அதனால்தான் முதல் நாள் எடுத்த ரத்தமும் மருத்துவர் எழுதிய குறிப்பும் அறிக்கைக்கு இணையாக முக்கியம்.

கணக்கில் வராத விஷம்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் விஷத்தைப் பூச்சிமருந்து, பிற விஷம் என்று பிரித்திருப்பார்கள். சாணிப்பவுடர் அந்த 'பிற'வுக்குள் கரைந்துவிடும். மூன்று நான்கு மாவட்டங்களின் பிரச்சினை நாட்டுக் கணக்கில் தெரியாமல் போவது இப்படித்தான். ஒவ்வொரு பிரேதப் பரிசோதனையிலும் சாயத்தின் பெயர் பதிவாகி, அந்தப் பதிவுகளை யாராவது கூட்டிப் பார்த்தால்தான் அது பொதுச் சுகாதாரத் தகவல் ஆகும்.

'தடை பண்ணினா வேற வழி தேட மாட்டாங்களா?' என்று கேட்பார்கள். இலங்கை இதற்கு நல்ல பதில். 1995-ல் அங்கே லட்சம் பேருக்குச் சுமார் 47 தற்கொலைகள். மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அந்த ஆண்டுக்குள் நிறுத்தினார்கள். 1998-ல் எண்டோசல்ஃபான், 2008 முதல் 2011-க்குள் பாராகுவாட் உள்ளிட்ட மூன்று மருந்துகள். இருபது ஆண்டில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் விழவில்லை. காரணம் எளிது: பல முயற்சிகள் ஒரு கோபத்தில், ஒரு சில நிமிடத்தில் எடுக்கும் முடிவு. அந்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் கணம் கடந்துபோகும். பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை.

2022-ல் அன்றைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் சாணிப்பவுடருக்குத் தடை கொண்டுவருவது பற்றி அறிவித்தார். அரசு செய்வது ஒரு பக்கம். நம்ம வீட்டு வாசலுக்கு இந்த நிறம் தேவையா என்று முடிவு செய்வது நம்ம கையில்தான். கோலத்துக்கு வெறும் தண்ணீர் தெளித்தாலே போதும்.

வீட்டில் நடந்துவிட்டால்

சோப்புத் தண்ணீர், உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போய் நிலைமை மோசமாகும். மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடனே 108. அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். 'போலீஸ் கேஸ் ஆயிரும்' என்ற பயத்தில்தான் பல வீடுகளில் மணிக்கணக்கு வீணாகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், முயற்சி செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது. பழைய 309-ஆவது பிரிவு 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தகவல் சொல்வது நடைமுறை, அவ்வளவுதான்.

மனசு சரியில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 104, அல்லது 14416. இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.