புல் வெட்டும் டிராக்டர்! வாங்கினால் போதுமா?

டிராக்டர் என்றதும் நமக்கு வயல்தான் நினைவுக்கு வரும். சேற்றில் உருளும் பெரிய சக்கரம், அதன் பின்னால் புழு பொறுக்க வரும் கொக்குக் கூட்டம். இதுதான் நமக்குத் தெரிந்த டிராக்டர்.

ஆனால் உழாத டிராக்டர் ஒன்று இருக்கிறது. அது சேற்றில் இறங்காது. நெல் மூட்டை ஏற்றாது. அதன் முக்கிய வேலை புல் வெட்டுவது!

தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அதைப் பார்த்தேன். வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. பெயிண்ட் இன்னும் பளபளக்கிறது. உட்கார ஓர் இருக்கை. பிடிக்க ஒரு ஸ்டீயரிங். வயிற்றுக்கு அடியில், கவிழ்த்துவைத்த தாம்பாளம் போல ஓர் இரும்புக் கூடு. அந்தக் கூட்டுக்குள்தான் கத்திகள் சுழல்கின்றன.

அதை ஓட்டுகிறவர் பள்ளியின் தோட்டக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். இருபது வருஷம் அரிவாள் பிடித்த கை.

"ஓட்டப் பயமாக இல்லையா?" என்று கேட்டேன்.

"ஓட்டப் பயம் இல்லை, சார். நிறுத்திவைக்கத்தான் பயம்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது.

துணி மில்லில் பிறந்த யோசனை

புல் வெட்டும் எந்திரத்தைக் கண்டுபிடித்தவர் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர். கம்பளித் துணி மில்லில் ஓர் எந்திரத்தைப் பார்த்தார். துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளை அது ஒரே சீராகக் கத்தரித்தது. "துணியைக் கத்தரிப்பது போல் புல்லையும் கத்தரித்தால் என்ன?" என்று யோசித்தார். 1830-ம் ஆண்டில் அதற்குப் பேடண்ட் உரிமை பெற்றார்.

முதலில் மனிதர்கள் தள்ளினார்கள். பிறகு குதிரைகள் இழுத்தன. குளம்பு பட்டுப் புல்வெளி குழிவிழக் கூடாதே! அதற்காகக் குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டினார்களாம். நம் நாட்டில் அந்த வேலையைக் காளைகள் செய்தன. ஆக்ராவில் தாஜ்மகாலைச் சுற்றியுள்ள புல்வெளியில்கூட மாடு பூட்டிய புல்வெட்டி ஓடியிருக்கிறது. 1963-ல் அமெரிக்காவின் ஜான் டீர் கம்பெனி, '110' என்ற சிறிய டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டுத் தோட்டத்துக்கு என்றே செய்த டிராக்டர் அது.

யாருக்குத் தேவை?

இது எல்லோருக்கும் தேவையான பொருள் அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பக்கத்தில் ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டையில் அரை கிரவுண்டில் வீடு கட்டியவர்களே அதிகம். அங்கே வாசலில் ஒரு முருங்கை நின்றால் பெரிது! புல்வெளி ஏது? அரிவாளோ, தோளில் மாட்டும் எந்திரமோ போதும்.

ஓர் ஏக்கர் என்றால் சுமார் 18 கிரவுண்டு. மைதானம் ஓர் ஏக்கரைத் தாண்டினால்தான் உட்கார்ந்து ஓட்டும் எந்திரத்துக்கு வேலை இருக்கிறது. பள்ளிகள், கல்லூரிகள், கிரிக்கெட் மைதானங்கள், பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியவைதான் இதற்கு ஏற்ற இடங்கள். 42 அங்குலம் அகலம் வெட்டும் எந்திரம், நடக்கும் வேகத்தில் போனாலே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஓர் ஏக்கரை முடித்துவிடும்.

"நாலு பேர் மூணு நாள் அறுப்போம். அறுத்த புல்லைப் பால்காரர் வந்து மாட்டுக்குக் கட்டிக்கொண்டு போவார். இப்போ அவர் வருவதில்லை" என்றார் தோட்டக்காரர்.

எந்திரம் பொடிப்பொடியாக வெட்டிய புல்லைக் குவித்துவைத்தால், சூடேறிச் சீக்கிரம் புளித்துவிடும். அதை மாட்டுக்குப் போடக் கூடாது. அந்த நாலு பேரில் மற்ற மூன்று பேருக்கும் இப்போது இங்கே வேலை இல்லை. எந்திரத்தின் விலைப் பட்டியலில் இந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

முதல் எண்ணெய் முக்கியம்

புது எந்திரம்தானே, ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை என்று நினைக்கிறோம். அதுதான் தவறு. புது எஞ்சினில் இரும்போடு இரும்பு உரசிப் பழகும். அப்போது கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள் எண்ணெயில் கலக்கும். ஆகவே முதல் 5 அல்லது 10 மணி நேரம் ஓடியதுமே ஆயிலை மாற்றச் சொல்கின்றன பல கையேடுகள். பிறகு 50 மணிக்கு ஒரு முறை மாற்றினால் போதும். அவ்வளவு ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

கவனியுங்கள்: காருக்குக் கிலோமீட்டர் கணக்கு. இதற்கு மணிக் கணக்கு. நம் தோட்டக்காரர் பழைய பள்ளி நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறார். "9-ம் தேதி, இரண்டு மணி. 16-ம் தேதி, ஒன்றரை மணி." ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

ஏர் பில்டரையும் மறக்கக் கூடாது. நம் பக்கம் செம்மண் புழுதி அதிகம். பில்டர் அடைத்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். எஞ்சினின் மேல் மூடிக்கு அடியில் புல் தூசி சேர்ந்தால் சூடு வெளியேறாது. மே மாத வெயிலில் கேட்க வேண்டுமா?

கல்லும் கத்தியும்

1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற மண்ணியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவில் பழைய கற்காலத்துக்குச் சான்று தந்த முதல் கண்டுபிடிப்பு என்று அதைப் போற்றுகிறார்கள். வெட்டும் கருவியைத் தீட்டும் கவலை இந்த வட்டாரத்துக்குப் புதிது அல்ல!

அந்தக் கற்கள் நிறைந்த மண்தான் இன்று எந்திரத்துக்குச் சத்துரு. கத்தியின் முனை மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும். அதில் ஒரு கூழாங்கல் பட்டால் துப்பாக்கிக் குண்டுதான். இந்தப் பள்ளியில் முதல் வாரமே ஒரு கல் தெறித்தது. வகுப்பறை ஜன்னல் கண்ணாடி உடைந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. உள்ளே பிள்ளைகள் இல்லை. அன்றிலிருந்து வெட்டுவதற்கு முன் மைதானம் முழுவதும் நடந்து கல் பொறுக்குகிறார்கள்.

மழுங்கிய கத்தி புல்லை வெட்டாது, பிய்க்கும். மறுநாள் புல் நுனி பழுத்துப் போகும். கத்தியின் இரு முனையையும் ஒரே அளவு தீட்ட வேண்டும். சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சுவரில் ஒரு ஆணி அடியுங்கள். கத்தியின் நடு ஓட்டையை அதில் மாட்டுங்கள். எந்த முனை கீழே சாய்கிறதோ, அந்த முனையை இன்னும் கொஞ்சம் அரத்தால் ராவுங்கள். தராசு போல நேராக நின்றால் சரி. இதைச் செய்யாவிட்டால் எந்திரம் அதிரும். பேரிங் போய்விடும்.

கூட்டுக்குள் கைவிடுமுன் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட வேண்டும். கத்தியைக் கையால் திருப்பும்போது எஞ்சின் தானே உயிர்பெற்றால் விரல் மிஞ்சாது.

இன்னொரு விஷயம். இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. கத்தி சுழலும்போது ஓட்டுகிறவர் எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். "சும்மா சும்மா நிற்கிறதே" என்று சிலர் அந்தச் சுவிட்சை வயர் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய மடத்தனம் கிடையாது. அமெரிக்காவில் புல்வெட்டிகளால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் காயம் அடைகிறார்கள். பின்னால் நிற்கும் பிள்ளையைக் கவனிக்காமல் எந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுவதும் அதற்கு ஒரு காரணம். ஆசைப்படுகிறதே என்று குழந்தையை மடியில் வைத்து ஓட்டவே கூடாது.

பெட்ரோலில் ஒரு சிக்கல்

வயல் டிராக்டர் டீசலில் ஓடும். சென்னைக்கு அது பழைய சொந்தம். டாஃபே கம்பெனி 1960-ல் தொடங்கியது இந்த ஊரில்தான். 1964-ல் கேளம்பாக்கத்தில் அதன் சோதனைப் பண்ணையும் வந்தது. ஆகவே வயல் டிராக்டருக்கு மெக்கானிக் கிடைப்பார். சாமான் கிடைக்கும்.

புல் டிராக்டர் கதை வேறு. பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சின். பல எந்திரங்கள் வெளிநாட்டிலிருந்து வருபவை. பெல்ட் அறுந்தால் புது பெல்ட் வர வாரக் கணக்கில் ஆகலாம். எனவே வாங்கும்போதே ஒரு பெல்ட், ஒரு ஜோடி கத்தி, ஒரு பில்டர் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. "எல்லாம் கிடைக்கும் சார்" என்று கடைக்காரர் சொன்னால், "இன்று கிடைக்குமா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இப்போது நம் பங்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. இந்த மாதிரிச் சிறிய எஞ்சின்களின் கையேடுகள் பல, 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தினம் ஓடும் ஸ்கூட்டரில் பெட்ரோல் தங்குவதில்லை. மாதக் கணக்கில் நிற்கும் எந்திரத்தில் தண்ணீர் அடியில் பிரியும், பெட்ரோல் பிசின் போல் ஆகும், கார்புரேட்டர் அடைக்கும். 20 சதவீதக் கலப்பை எஞ்சின் தாங்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

மழை வந்தால்?

"நிறுத்திவைக்கத்தான் பயம்" என்று தோட்டக்காரர் சொன்னாரே, அதன் அர்த்தம் இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் புல் மளமளவென்று வளரும். ஆனால் வெட்ட முடியாது. ஈரப் புல் கூட்டுக்குள் அப்பிக்கொண்டு இரும்பைத் தின்னும். சரிவில் சக்கரம் வழுக்கினால் எந்திரமே கவிழும். ஆகவே அது வாரக் கணக்கில் சும்மா நிற்கும்.

அதற்கு மேல் வெள்ளம்! 2015-ம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி ஆரம்பித்த மழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியதை யார் மறப்பார்கள்? முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பகுதி தண்ணீரில் நின்றது. அத்தகைய வெள்ளம் ஒரு ஷெட்டில் புகுந்தால், முழங்கால் உயரத் தண்ணீரே இந்தச் சின்ன எந்திரத்தின் எஞ்சினைத் தொட்டுவிடும்.

தண்ணீர் புகுந்த எந்திரத்தை, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே தண்ணீர் இருந்தால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். முதலில் பிளக்கைக் கழற்றி, ஆயில், பெட்ரோல் இரண்டையும் வடித்துவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

நான் போன அன்று வானம் தெற்கே கறுத்திருந்தது. தோட்டக்காரர் டாங்கியில் இருந்த பெட்ரோலை ஒரு கேனில் வடித்தார். மீதி தீரும் வரை எஞ்சினை ஓடவிட்டார். அது இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பாட்டரி வயரைக் கழற்றினார். கூட்டுக்குள் ஒட்டிய புல்லை மரக்கட்டையால் சுரண்டினார். பிறகு பையன்கள் மூவரைக் கூப்பிட்டு, சிமெண்டுக் கல் அடுக்கிப் பலகை போட்ட மேடையில் எந்திரத்தைத் தள்ளி ஏற்றினார். மேடை இடுப்பு உயரம் இருந்தது.

"எலி வயரைக் கடிக்கும், சார். அதுக்கும் ஒரு வழி பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டே நோட்டை எடுத்தார். தேதி போட்டு, "டாங்கி காலி" என்று எழுதினார். ஷெட்டின் மூலையில் நாலு அரிவாள்கள் மாட்டியிருந்தன. நாலுக்கும் எண்ணெய் பூசியிருந்தது.