பழைய கணினிக்கு எந்த இயங்குதளம்?

ஊரை விட்டு வந்து வருஷங்கள் பல ஆன நம் வீடுகளில், மூலையில் ஒரு பழைய கணினி கிடக்கும். “ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா, எடைக்குப் போட்டுடலாமா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குள்தான் கல்யாணப் போட்டோக்களும், சங்க விழா நிகழ்ச்சி நிரலும், தாத்தா ஒற்றை விரலால் தட்டி வைத்த குடும்ப வரலாறும் இருக்கின்றன.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் சிறிது கால நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்கோ 4 ஜிபி நினைவகம் மட்டும் போதாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பல பழைய கணினிகளில் அது இல்லை.

மாற்று வழி லினக்ஸ். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட கருவைக் கொண்டது, இலவசம். ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் மாதிரி, ஒரே கருவில் பல வகைகள். விண்டோஸில் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் எளிது. 2 ஜிபி நினைவகத்தில் ஓடும். 4 இருந்தால் வசதி. மிகப் பழைய கணினி என்றால் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நல்லது.

உடனே நிறுவ வேண்டாம். 8 ஜிபி பென் டிரைவில் மின்ட்டைப் பதித்து, கணினியை அதிலிருந்தே துவக்கிப் பாருங்கள். வன்தட்டில் கை வைக்காமலே வைஃபை, பிரின்டர், ஒலி எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். டாலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்கள் மாறாமல் இருப்பதே நல்லது.

தமிழுக்குக் குறையில்லை. உள்ளீட்டு அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளலாம். உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்ளும். தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடைக்காத நம் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி.

ஆனால் ஒரு எச்சரிக்கை. யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதிய தமிழ்க் கோப்புகள் அந்தந்த எழுத்துருவை நம்பியே இருக்கின்றன. எழுத்துரு போனால் தாத்தாவின் வரலாறு வெறும் கிறுக்கலாகத் தெரியும். ஆகவே வன்தட்டை அழிக்கும் முன், கோப்புகளோடு விண்டோஸின் ஃபான்ட்ஸ் அடைவையும் சேர்த்து நகலெடுங்கள். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பக்கமாவது படித்துச் சரிபாருங்கள். நகல் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

“கறுப்புத் திரையில கட்டளை எல்லாம் அடிக்கணுமாமே?” என்று பயப்பட வேண்டாம். அன்றாட வேலை அனைத்தும் மவுஸிலேயே முடியும். ஆசை இருந்தால் 1989-ல் வந்த ‘பாஷ்’ என்ற கட்டளை ஓட்டில் பழகலாம். ‘எல்எஸ்’ கோப்புகளின் பட்டியல் காட்டும்; ‘சிபி’ நகலெடுக்கும். ‘ஆர்எம்’ மட்டும் ஜாக்கிரதை: அது அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, போயே போய்விடும்!

எந்த இயங்குதளம் என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். முதலில் தாத்தாவின் கோப்பைத் திறந்து பாருங்கள்.