தேங்காய் விற்றவர் 'மிஸ்டர் யுனிவர்ஸ்' ஆனார்! ஜவ்வாதுமலை வாலிபர்களே கேளுங்க...

ஜமுனாமரத்தூர்,

'சிக்ஸ் பேக்' மோகம் இப்போ மலை மேலயும் ஏறி வந்தாச்சு. பகல் பூரா காட்டு வேலை, சாயங்காலம் தண்டால், பஸ்கி. நல்ல விஷயம்தான். ஆனால் கூலிப் பணத்தில் பாதி பவுடர் டப்பாவுக்குப் போனால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

இதற்கு கொல்கத்தா மனோகர் ஐச் வாழ்க்கையே பாடம். உயரம் 4 அடி 11 அங்குலம்தான். வெள்ளைக்காரர் ஆட்சியில் விமானப்படையில் வேலை பார்த்தபோது, ஆங்கிலேய அதிகாரியை 'பளார்' என அறைந்து ஜெயிலுக்குப் போனார். கருவி எதுவும் இல்லாமல் ஜெயிலுக்குள்ளேயே உடம்பை ஏற்றினார். வெளியே வந்தால் வறுமை. குடும்பத்தைக் காப்பாற்ற சியால்தா ரெயில் நிலையத்தில் தேங்காய் விற்றார். 1952-ல் லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றார். சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால்தான் சாப்பாடு. 100 வயதைத் தாண்டி வாழ்ந்து, 2016-ல் காலமானார்.

எவ்வளவு நேரம் போதும்?

பளு தூக்கும்போது தசை வளர்வதில்லை. அப்புறம் சாப்பிட்டு, ஓய்வெடுத்து, தூங்கும்போதுதான் வளருது. அதனால் தினமும் 3 மணி நேரம் கிடையாய்க் கிடக்க வேண்டியதில்லை. வாரம் 3, 4 நாள், ஒரு மணி நேரம் போதும். மூட்டை தூக்கிய அன்று பயிற்சிக்கு லீவு விடுங்க. தூக்கத்தை மட்டும் குறைக்காதீங்க.

பவுடர் கட்டாயமா?

இல்லை. பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் இருந்தால் போதும். 60 கிலோ ஆளுக்கு சுமார் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம், 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் இருக்கு. நம்ம மலை சாமைச் சோற்றோடு கொள்ளுக் குழம்பு, 2 முட்டை, கொஞ்சம் கடலை, பால் சேர்த்தால் பெரும்பகுதி கிடைச்சிடும்.

ஊசி போட்டால் ஆபத்து

'ஒரே மாசத்துல பாடி ஏறும்' என்று ஸ்டீராய்டு ஊசியை யாராவது நீட்டினால் உஷார்! வெளியில் இருந்து ஹார்மோன் ஏறினால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். விந்தணு குறைந்து குழந்தை பாக்கியமே தள்ளிப்போகலாம். இதயம், ஈரல் பாதிக்கும். திடீர் மாரடைப்பும் வரலாம்.

கூலி கைக்கு வந்ததும் முதலில் அரிசி, பருப்பு, பிள்ளைங்க படிப்புச் செலவு. மிச்சத்தில்தான் ஜிம். அந்த வாரம் மிச்சம் இல்லையா? தரையில் தண்டால் எடுக்கக் காசு கேட்க மாட்டாங்க!